உப்பில் வைத்த பல்

பிடுங்கிய பல்லின் உள்சதையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, வயதானவர்களின் ஈறு நோய்க்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று பூப்பாறை பஸ்ஸில் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாந்தன்பாறையில் என் பல் கிளினிக்குக்கு அன்று முதலில் வந்தவரிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா. அறுபதைத் தாண்டியவர், தலையில் துண்டுக்கட்டு. எதைக் கேட்டாலும், ஆடுகிற கீழ்ப்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே கேட்பார்.

அடுத்த மாதம் வந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உப்புக்குள் அந்தப் பல்.

"ஒரு பல்லு இருந்தாப் போதும்னீகளே தம்பி. நானே நூலக் கட்டி இழுத்துட்டேன். இதுல இருந்து எடுத்து மத்ததுக்கு வச்சு விடுங்க."

"இது காஞ்சுபோச்சும்மா. அந்த வைத்தியம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, இங்க கிடையாது."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

குரலில் கோபமில்லை. நாக்கு மட்டும் பல் இருந்த இடத்துக்குப் போய்ப் போய் வந்தது. எனக்கு உதடு மரத்துப்போன மாதிரி இருந்தது.

அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னும் மூன்று ஆடுகின்றன. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஈறுக்கு அடியில் சுத்தம் செய்து, மூன்றையும் ஆடாத பக்கத்துப் பற்களோடு கம்பியால் சேர்த்துக் கட்டிப் பார்க்க வேண்டும். சொல்லாமல் விட்டதையும் அன்றைக்கே சொல்லிப் பார்க்க வேண்டும்.