படகில் ஒரு கோப்பை சோப்பு நுரை

போன சனிக்கிழமை ஒரு படகையும் அதில் இருந்தவர்களையும் கொளுத்தப் பார்த்தேன். வேண்டுமென்றே அல்ல. அலட்சியத்தால்.

பகலில் நுவரெலியாவில் ஹார்டுவேர் கடை வேலை, வாரத்தில் ஒரு நாள் பத்திரிகையில் உங்களோடு இந்தப் பேச்சு – என் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது கடையில் காஸ் சிலிண்டரும் வந்துவிட்டது. அதெல்லாம் துரைமார் பங்களாக்களுக்கு. நமக்கு இன்னும் விறகு, மிஞ்சினால் மண்ணெண்ணெய். ஆனால் அடுப்பைப் பூட்டிக் கொடுக்கப் போகிறவன் யார்? நான்தான்.

ஒரு தோட்டத்துத் துரைக்கு ஏரியில் சொந்தப் படகு உண்டு. சின்ன அறை வைத்த மரப்படகு. அதற்குள் ஒரு காஸ் அடுப்பு, மூலையில் சிலிண்டர். விருந்தாளிகள் வந்தால் தண்ணீரின் நடுவில் தேநீர் போட. அடுப்பின் ரப்பர் ஹோஸ் வெடித்துவிட்டது, வந்து மாற்றிக் கொடு என்று ஆள் வந்தது. போனேன்.

அங்கே எனக்காகக் காத்திருந்தவர் துரை பங்களாவின் சமையல்காரர். செல்லையா என்று வைத்துக்கொள்வோம். ஊர் ராகலைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதிருக்கும்.

பழைய ஹோஸைக் கழற்றினேன். வளைந்த இடமெல்லாம் விரிசல். புதியதைச் செருகி, கிளிப்பை முறுக்கினேன். சிலிண்டரின் தலையில் இருக்கும் ரெகுலேட்டரும் பழசுதான். ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்தது... விட்டுவிட்டேன். சிலிண்டரைத் திறந்து, நின்றபடியே மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். வாசனை இல்லை.

"முடிஞ்சுதுண்ணே. பத்த வைக்கலாம்."

"கொஞ்சம் இருங்க தம்பி. சோப்பு போட்டுப் பாத்துருவோம்."

"அதான் மோந்து பாத்துட்டேனே."

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கலையே."

எனக்குச் சுருக்கென்றது. காஸ் வேலை தெரிந்தவன் நானா, இவரா? கரையில் இறங்கி, கை கழுவி, ஒரு வெற்றிலையும் போட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தேன். அவர் ஒரு கோப்பையில் சோப்பைக் கரைத்து, ஷேவிங் பிரஷால் ஹோஸ் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தார். என் ஹோஸில் ஒரு குமிழ் இல்லை. சிரித்துக்கொண்டேன். பிறகு பிரஷ் ரெகுலேட்டருக்குப் போனது.

அதன் மூடி விளிம்பில் நுரை பொங்கியது. பாசிமணி போல, ஒன்றன்பின் ஒன்றாக.

அவர் உடனே சிலிண்டரை இறுக்கி மூடினார். நான் அடிப்பலகை ஒன்றைத் தூக்கிக் குனிந்தேன். அழுகிய முட்டைக்கோஸ் வீச்சம் முகத்தில் அடித்தது. இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது. மேலே வராது, கீழே இறங்கும். வீடென்றால் வாசல் வழியாகப் போய்விடும். படகு ஒரு கிண்ணம், எங்கே போகும்?

அந்த நேரம் பார்த்து துரை வருகிறார். வாயில் பைப், கையில் நெருப்புப்பெட்டி. படகில் ஒரு காலை வைத்துவிட்டார்.

செல்லையா இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார். "வேணாங்க தொர. நெருப்பு வேணாம். காஸ் லீக்."

சமையல்காரர் துரையை மறிப்பதா? துரையின் முகம் சிவந்தது. செல்லையாவின் கைகள் இறங்கவில்லை. நான் அரைகுறை இங்கிலீஷில் விளக்கினேன். துரை காலை எடுத்துக்கொண்டு, கரையில் தூரப் போய் நின்றார்.

சிலிண்டரைக் கரைக்குத் தூக்கினோம். பலகைகளையெல்லாம் பெயர்த்து, ஆளுக்கொரு வாளியால் இறைக்க ஆரம்பித்தோம். படகில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் வாளியை உள்ளே விட்டு, வெளியே கவிழ்க்கிறோம். பார்த்தவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்றிருப்பார்கள். ஆனால் அடியில் தங்கிய காஸை அப்படித்தான் இறைக்க வேண்டும்.

ரொம்ப நேரம் கழித்து, "இப்ப வீச்சம் இருக்கான்னு மோந்து பாருங்கண்ணே" என்றேன்.

அவர் கரையை ஒரு தரம் பார்த்தார். "நீங்களே பாருங்க தம்பி. எனக்கு மூக்கு செத்துப்போச்சு."

மூன்று வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சல். காய்ச்சல் போனது, வாசனையும் கூடவே போய்விட்டது.

"கருவாடும் கறிவேப்பிலையும் எனக்கு ஒண்ணுதான்."

"அப்ப எப்படிச் சமைக்கிறீங்க?"

"கடுகு வெடிச்சா காது கேக்குது. வெங்காயம் செவந்தா கண்ணு தெரியுது. உப்பு, காரம் நாக்குல கொஞ்சம் இருக்கு. மத்தது எல்லாம் கை அளவு. காலையில எங்க வீட்டம்மா வந்து, காஸ் வீசுதான்னு பாத்துட்டுப் போவா. அவளுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். தொரைக்குத் தெரிஞ்சா என்னைய வச்சுக்குவாரா?"

நான் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தேன்.

கடைக்குப் போய்ப் புது ரெகுலேட்டர், புது வாஷர் கொண்டுவந்து பூட்டினேன். இம்முறை சோப்பு தடவியது நான். குமிழ் இல்லை. சிலிண்டரையும் அறைக்குள் வைக்கவில்லை, காற்றாட வெளியே பின்பக்கம் நிறுத்தினோம்.

துரை வந்து செல்லையாவின் தோளைத் தட்டினார். "உனக்கு நல்ல மூக்கு."

செல்லையா தலை குனிந்துகொண்டார். நான் ஸ்பானரைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன்.

மூக்கு இருக்கிற தைரியத்தில் நான் நின்றபடி உறிஞ்சிவிட்டுப் போனேன். இல்லாதவர் சோப்பைக் கரைத்தார். எது நமக்கு இருக்கிறதோ, அதை நம்பித்தான் நாம் கெடுகிறோம் போல. ஹோஸை மாற்றும்போது ரெகுலேட்டரையும் பாருங்கள், பழசென்றால் சேர்த்தே மாற்றுங்கள். இதை உங்களுக்குச் சொல்லும் யோக்கியதை போன சனிக்கிழமைதான் எனக்கு வந்தது.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"எழுதுங்க தம்பி, பேரையும் போடுங்க. மூக்கை மட்டும் விட்டுருங்க."

மூக்கை விட்டால் கதையே இல்லையே என்றேன்.

"அப்ப பேரை விட்டுருங்க."