விளக்கைக் குளிர வைத்த அறை

அக்கா கண் மூடிய அன்று காலை அவர் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: அத்தான், மகள் மீனா, எங்கள் சின்ன மாமா, நான். மீனா சிங்கப்பூரிலிருந்து விடியற்காலையில்தான் வந்து சேர்ந்தாள். பெக்கோக் ஊரிலிருக்கும் பெரியம்மா வந்தது அக்கா போன பிறகு. யார் இருந்தார், யார் இல்லை என்று பின்னால் பேச்சு வந்துவிட்டதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். யார் மனமும் நோகக் கூடாது. அக்கா கடைசியாகச் சொன்னதைக் கேட்டவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். நான்கு பேருமே தப்பாகப் புரிந்துகொண்டோம்.

லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்மரம் சீவிய எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அம்மா படுக்கையில் விழுந்தபோது யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்போடு நான் நின்றேன். அக்கா மூன்றாம் படிவம் முடித்து ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலைக்குப் போனார், பிறகு சிங்கப்பூருக்கு. விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டிப் போய் இருட்டிய பின் திரும்பிய வருஷங்கள் எத்தனையோ. இந்த வீடு, அம்மாவின் மருந்து, என் கல்யாணம், அது நிலைக்காமல் நான் திரும்பி வந்தபோது எனக்கு இங்கே ஒரு அறை, எல்லாம் அந்தக் கையால் வந்தவை. "என்னாலதான் உன் படிப்பு போச்சு" என்று அடிக்கடி வருத்தப்படுவார். உண்மையில் பரீட்சை என்றாலே காய்ச்சல் வந்துவிடும் பெண் நான். பள்ளிக்கூடம் நின்றதில் எனக்குப் பாதி நிம்மதிதான். அதை அவரிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

வேலையை விட்ட வருஷம் தோழிகளோடு கேமரன் மலைக்குப் போனவர், ஒரு பூந்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். கிறிஸ்மஸ் கள்ளி என்று பெயராம். கள்ளி என்றாலும் முள் கிடையாது. நண்டுக் கால் மாதிரி கணுக்கணுவாகத் தொங்கும் தண்டு, நுனிக்கு நுனி ரோஸ் நிறப் பூ. தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தம் அறைச் சுவரில் இருக்கும் சாமித் தட்டின்மேல் வைத்தார். பூக்கள் சில நாளில் உதிர்ந்தன. அடுத்த வருஷம் பூக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. நான் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன்.

"அடியே, தண்ணி ஊத்துறியா, குளிப்பாட்டுறியா?"

"வாடிருமோன்னு பயமா இருக்குக்கா."

"நீ பயந்தே அதச் சாகடிச்சிருவ."

பிறகு சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று நாள் சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. எனக்கு ஏன் இப்படி என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னும் ஒரு தடவ அது பூத்துப் பாத்துட்டா போதும்" என்பார். திரும்பும் வழியில் செடிக்கடையில் காரை நிறுத்தச் சொல்வார். அந்த ஆசை நிறைவேறவில்லை.

கடைசி நாள் காலை அவர் சொன்னது இதுதான்: "ராத்திரி வெளக்கக் குளிர வச்சிரு. அதுக்கு ஆகாது."

விளக்கை அணை என்று சொல்ல எங்கள் அம்மா விடமாட்டார். குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். சாமித் தட்டில் இருக்கும் சிவப்பு பல்புக்கும் வீட்டில் அதே பேச்சுதான். "சுவிட்ச்சையுமா குளிர வைப்பீங்க?" என்று மீனா கிண்டல் செய்வாள். அன்று அவளும் சிரிக்கவில்லை. கண் கூசுகிறது போல என்றார் மாமா. அத்தானும் மீனாவும் அப்படியே நினைத்தார்கள். நானோ அவர் தம் உயிரைச் சொல்கிறார் என்று பயந்துவிட்டேன். அதனால் நேர்மாறாகச் செய்தேன். அக்காவின் படத்தைச் செடிக்குப் பக்கத்தில் வைத்து, வருஷம் திரும்பும்வரை வெளிச்சம் குறையக் கூடாது என்று அந்த பல்பை இரவும் பகலும் எரிய விட்டேன். கைக்காவலுக்கு இரண்டு பல்பு வாங்கி வைத்தேன்.

அக்காவுக்குக் காட்ட முடியாத பூவை அவர் திதிக்காவது படத்தின் முன்னால் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். புரட்டாசி பிறந்தும் ஒரு மொட்டுகூட இல்லை. அந்தச் சிகாமட் செடிக்கடைக்கே போனேன். கடைக்காரச் சீன அம்மாவுக்கு என் முகம் நினைவிருந்தது. "மாலாம் மெஸ்தி கெலாப்லா" என்றார். ராத்திரி இருட்டாக இருக்க வேண்டும், சாயங்காலம் ஆறிலிருந்து காலை எட்டு வரை சின்ன வெளிச்சமும் படக் கூடாது, தண்ணீரையும் குறை என்று மலாயில் விளக்கினார். கூடவே, "உன் அக்கா கடைசியாக வந்தபோதும் இதைத்தானே சொன்னேன்" என்றார்.

அதுக்கு ஆகாது. அது என்றால் செடி. அதற்காகத்தான் அக்கா விளக்கைக் குளிர வைக்கச் சொல்லியிருக்கிறார்.

அட்டைப்பெட்டியால் மூடிப் பார்த்தேன். உள்ளே வெக்கை தாங்காமல் இரண்டு கணு சுருங்கி விழுந்தது. வாசலில் தெருவிளக்கு. அடுப்படியில் அத்தான் வேலைக்குக் கிளம்ப விடியுமுன்பே விளக்குப் போடுவார். காற்றும் இருட்டும் கிடைக்கக்கூடிய இடம் அக்காவின் அறை ஒன்றுதான். அங்கே அந்த பல்பு. வருஷம் முடியுமுன்னே நானே என் கையால் எப்படி? ஏதாவது ஆகிவிட்டால்? சொந்தங்கள் என்ன சொல்வார்கள்? மூன்று நாள் சுவிட்ச் வரை போய்ப் போய்த் திரும்பினேன். நான்காம் நாள் அத்தானிடம் கேட்டேன்.

"உங்கக்கா என்னம்மா சொன்னா?"

"குளிர வைக்கச் சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு இத்தன மாசமா அவளத் தூங்க விடாம வச்சிருக்க? பகல்ல ஏத்துலா."

அன்று ஆறு மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் குளிர வைத்தேன். காலை எட்டுக்கு ஏற்றினேன். அன்றிலிருந்து அப்படித்தான். மழை தொடங்கி அறை குளிர்ந்தது. ஆறேழு வாரம் கழித்து நுனிகளில் அரிசி அளவில் மொட்டு, ஏழு. பின்பக்கமும் இருக்கிறதா பார்ப்போம் என்று தொட்டியைத் திருப்பினேன், ஒன்று விழுந்துவிட்டது. இப்போது ஆறு. இந்த நினைவு மலரை நாளை அச்சகத்தில் கொடுக்க வேண்டும் என்று மீனா அவசரப்படுத்துகிறாள். இது உங்கள் கைக்கு வரும் நாளில் எத்தனை நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

அக்காவைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்ட சிகாமட் தாதியர், காரியங்களை முன்நின்று நடத்திய சின்ன மாமா, பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பெக்கோக் பெரியம்மா, செடிக்கடை அம்மா, எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் அது என் மறதிதான், மனக்குறை அல்ல.

திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்கா அறைக்குப் போய்ப் படத்தைக் கும்பிடுங்கள். தொட்டியை மட்டும் தொட வேண்டாம். ஆறு மணிக்கு மேல் அறை இருட்டாக இருந்தால், இவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து யாரும் சுவிட்ச்சைத் தட்டிவிடாதீர்கள். நான் மறக்கவில்லை. அக்கா சொன்னபடி குளிர வைத்திருக்கிறேன்.