வெற்றிலை வைத்துக் கேட்ட ஓட்டு

எங்கள் அப்பாவின் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்றை நினைத்துவிட்டால் அம்மா தலைகீழாக நின்றாலும் மாறமாட்டார். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் சந்துக்கு ஒரு தலைவரை வீட்டுக்காரர்களே கைதூக்கித் தேர்ந்தெடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. நான் நிற்கிறேன் என்றார் அப்பா. எனக்கு அப்போது எட்டு வயது.

தலைவரின் வேலை அரிசி அட்டை கொடுப்பது. சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டால், பெயர் எழுதிக் கொடுப்பதும் அவர்தான். எதிர்த்து நின்றவர் அரிசிக் கடைக்காரர். எங்கள் எதிர்வீட்டு அத்தைக்குக் கணவர் இல்லை, ஒரே மகன். அளவு குறைகிறதே என்று அந்த அண்ணன் ஒருநாள் கடையில் கேட்டுவிட்டார். நான் தலைவரானால் முதல் பெயர் உன்னுடையதுதான் என்று கடைக்காரர் நாலு பேர் முன்னால் சொன்னார். சயாமுக்குப் போன யாரும் அதுவரை எங்கள் பக்கம் திரும்பி வந்ததில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அப்பா தேர்தலில் இறங்கினார்.

ஓட்டு எப்படிக் கேட்பது என்று எங்களில் யார் கண்டார்கள்? நல்ல காரியத்துக்கு அழைப்பதுபோல அழைத்தால் போயிற்று என்று அப்பா முடிவு செய்தார். வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார். அந்தப் பஞ்சத்தில் அவ்வளவு வெற்றிலை எங்கே பிடித்தாரோ, இன்றுவரை தெரியாது. சந்தில் பாதி வீடுகள் மலாக்கா செட்டிகளுடையவை. அவர்கள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், ஆனால் வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். அப்பா வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலுக்கு வாருங்கள் என்று மட்டும் மலாயில் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுப் படி ஏறிவிடுவார். எதற்கென்று ஊருக்கே தெரியும் என்பது அவர் நினைப்பு. ஒரு செட்டி வீட்டம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி, "சியாப்பா காவின்?" என்று கேட்டாள். யாருக்குக் கல்யாணம் என்கிறாள். நான் அசடு வழியச் சிரித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பார்த்தால், செட்டி வீட்டார் அத்தனை பேரும் பெட்டியிலிருந்து எடுத்த கெபாயாச் சட்டையும் சரோங்குமாக, மரவள்ளிப் பலகாரத்தோடு வந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் தேடுகிறார்கள். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா அசரவில்லை. கை எண்ண ஜப்பான் அதிகாரி வருவதற்குள் ஒவ்வொரு குடும்பமாகப் போய், கல்யாணமில்லை, எதிர்வீட்டுப் பையன் சங்கதி இதுதான் என்று அரைகுறை மலாயில் சொல்லி முடித்தார். கன்னம் கிள்ளிய அம்மாள் முறைத்தாள். பிறகு, வெற்றிலையைத் தின்றாகிவிட்டது, இனிமேல் பேச்சு மாறக்கூடாது என்று தன் ஆட்களிடம் சொன்னாள். வெற்றிலை வாங்கினால் வாங்கியதுதான், அது அவர்களுக்கும் முறை. கை எண்ணியபோது அப்பாவுக்கே அதிகம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் வாரம் அதிகாரி ஆள் அனுப்பினார். சந்துக்கு ஒருவர் சயாமுக்குப் போக வேண்டும், மறுநாள் காலைக்குள் பெயர் வர வேண்டும். கடைக்காரர் எங்கள் வாசலுக்கே வந்து, "தலைவரே, யாரு பேரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்பா பேனாவை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்காங்க நின்னீங்க? நாங்க என்ன செய்வோம்?" என்றாள். என் அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"வேற எவன் வீட்டுப் பிள்ளைய எழுதச் சொல்ற?" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு.

அவர் எழுதியதை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்பா பெயர். அதுவும் அந்தத் தாளில் அது ஒன்றுதான். சந்து முழுவதிலிருந்தும் எங்கள் அப்பாவையே எடுத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு ஓடினேன். எதிர்வீட்டு அத்தை வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். தெருப்புழுதியில் அப்படியே விழுந்து, என் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பெரியவர்கள் யாரும் என் காலில் விழுந்ததில்லை. அப்பா மறுபடியும் ஜெயித்துவிட்டார், அதற்குத்தான் இவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டு, நான் நிமிர்ந்து நின்று சிரித்தேன்.