செவ்வாயில் காற்று மெல்லிசாம்

இன்று காலை நடக்கப் போன வழியில் யாரோ பச்சைக் குச்சிகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை தொண்டையில் இறங்கியதுமே, எப்போதோ இடித்துத் தேயிலை நட்டுவிட்ட எங்கள் தலவாக்கலைத் தோட்டத்து லயம், அந்தக் கூலிக் குடியிருப்பு வரிசை, கண்முன் எழுந்து நின்றுவிட்டது.

ஒற்றைக் காம்பராவுக்குள்தான் அடுப்பும் படுக்கையும், புகைபோக்கி கிடையாது. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, அந்த மிலாறுகளைத்தான் சுமந்து வந்து எரிப்போம், மழைக்காலத்தில் அவை எரிவதைவிடப் புகைவதே அதிகம், அந்தப் புகை கூரைத் தகரத்தில் முட்டித் திரும்பி எங்கள் தலைக்கு மேலேயே தொங்கும். இழுப்புக்காரியான அம்மா சுவரில் சாய்ந்து, நிறைந்த கொழுந்துக் கூடையை மேட்டில் ஏற்றுவதுபோல ஒவ்வொரு மூச்சையும் ஏற்றுவாள்.

அப்படியொரு சாயங்காலம் அக்கா பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்த கிரகங்களைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கிப் போடுகிற அளவுக்குப் பெரிய கடல் இருந்தால் சனி மிதக்குமாம், அவ்வளவு லேசாம். வெள்ளியைக் கனத்த மேகம் மூடிக்கிடக்கிறதாம். செவ்வாயில் காற்று மெல்லிசாம், மூச்சுக்குக் காணாதாம்.

"அப்ப மனுசன் மூச்சு விடுற காத்து எங்கதான்டி இருக்கு?" என்றாள் அம்மா.

"இங்கதாம்மா. பூமியில மட்டுந்தான்."

அம்மா கதவைத் திறக்கச் சொன்னாள். திறந்ததும் மூடுபனி உள்ளே வந்து அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாத்தினால் புகை. அடுப்பை அணைக்கவும் வழியில்லை, சோறு பாதிதான் வெந்திருந்தது. திறப்பதா சாத்துவதா என்று தெரியாமல் நானும் அக்காவும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றோம்.