வெள்ளவத்தைக் கடையில் ஓடிய நாலு நிமிடம்

அன்றைக்கு அந்தப் போட்டோக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, படம் பிடித்த சித்தப்பா, எட்டு வயதான நான், எல்லோரும் நானா என்று கூப்பிட்ட முஸ்லிம் கடைக்காரர். வேறு ஒருவரும் இல்லை. இதை எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். இன்னும் ஒருவர் இருந்திருந்தால் அவராவது ஏதும் கேட்டிருப்பாரோ என்று ஒரு யோசனை. தம்பி காய்ச்சலில் போய் அப்போது எட்டு மாதம்.

சித்தப்பா கப்பலில் வேலை செய்தவர். ஒரு தடவை வந்தபோது சாவி முறுக்கி ஓட்டுகிற சின்ன சினிமாக் கமெரா ஒன்று கொண்டுவந்தார். கொச்சிக்கடைக் கோயில் திருநாளன்று தம்பி கூட்டத்துக்குள் தள்ளாடித் தள்ளாடி நடப்பதை அதில் பிடித்தார். அவன் நடக்கப் பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிடித்த மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது. வீட்டில் அவனுடைய போட்டோ இரண்டு இருந்தது. இரண்டிலும் உட்கார்ந்துதான் இருக்கிறான். நடந்த தம்பி அந்தப் பிலிம் டப்பிக்குள் மட்டும்தான். அம்மாவுக்கு அதைக் கையைவிட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. திருவிருதயப் படத்தடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை இதுக்குள்ள நடக்கிறான்" என்று துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தம்பியைப் புதைத்த சவக்காலைக்குப் போனார்கள். காலில் புண் என்று என்னை விட்டுவிட்டார்கள். அந்த வயதிலேயே நான் பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். அவன் உண்மையில் உள்ளே இருக்கிறானா என்று ஒருதரம் பார்த்துவிட்டால் நிம்மதி என்று பட்டது. டப்பியைத் திறந்து யன்னலடியில் நின்று சுருளை இழுத்தேன். பழுப்பு நாடாவாக வந்தது, ஆளைக் காணவில்லை. இன்னும் உள்ளே இருப்பான் என்று கடைசிவரை இழுத்தேன். வெயிலில் பிடித்தும் பார்த்தேன். பிறகு அழுதழுது சுற்றி, மூடி, இருந்த இடத்தில் வைத்தேன். கழுவினால்தான் உருவம் வரும் என்று சித்தப்பா சொல்லியிருந்ததை நினைத்துத் தேறிக்கொண்டேன்.

கடைசியில் அம்மா டப்பியைக் கொடுக்கச் சம்மதித்தார். எங்கள் கொட்டாஞ்சேனையில் இரண்டு ஸ்டூடியோ இருந்தும் அப்பா டப்பியோடு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறியது அந்தக் கடையின் பெயருக்காக. இந்தச் சின்னப் பிலிமைக் கழுவ இங்கே வசதி இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தபாலில் போய் வர வேண்டும். போனது எங்கே என்று கேட்டால் மற்றக் கடைக்காரர்கள் முகட்டைப் பார்ப்பார்கள். இந்த நானா மட்டும் மாதம் தவறாமல் தபாலட்டை போடுவார்: இன்னும் வரவில்லை, வந்ததும் அறியத் தருவேன். எங்களுக்கு அப்படி மூன்று வந்தன. அம்மா மூன்றையும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். நாலாவதில், வந்துவிட்டது, குடும்பத்தோடு வாருங்கள் என்று இருந்தது.

நானா கடையை அரைவாசி சாத்தி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அம்மாவுக்குக் கதிரை போட்டு, எங்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். மெஷின் ஓடத் தொடங்கியது. துணியில் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சம் மட்டும்தான். இப்போது வரும், இப்போது வரும் என்று எல்லோரும் இருந்தோம். முடியப்போகிற நேரம் ஒரு பழுப்புத் திட்டு ஓடி மறைந்தது. அம்மா எழுந்து நின்றார்.

"இன்னொருக்கா போடுங்க நானா."

அவர் போட்டார். மூன்று தரம் போட்டார். பிறகு கம்பெனி அனுப்பிய துண்டுக் கடிதத்தை எடுத்து, வாசிக்க விருப்பமில்லாதவர் போல வாசித்தார். கழுவ முந்தியே வெளிச்சம் பட்டிருக்கிறதாம்.

கஸ்டம்ஸ்காரன் பார்சலைத் திறந்திருப்பான் என்றார் சித்தப்பா. நானா ஓம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கஸ்டம்ஸை யாரும் நல்லது என்று சொன்னதில்லை. இன்னொரு பழியால் அதற்கு ஒன்றும் ஆகியிராது. நான் சோடாப் போத்தலைப் பிடித்தபடி, ஓம் சொல்லுங்கள், ஓம் சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இல்ல. நான் போட்ட சீல் உடையாம வந்தெண்டும் இதில எழுதீக்கி. அவங்க மேல பொய்ப்பழி போட எனக்கு ஏலா."

"அப்ப திறந்தது நீர்தான்." அதுவரை அப்பா அவரை 'நீங்கள்' என்றுதான் கதைத்தவர்.

"பதினெட்டு வருசமா ஒரு ரோலையும் நான் தொறந்ததில்ல. ஊட்டில ஆரும்…"

"செத்த பிள்ளையை வீட்டில ஆரும் திறந்து பாப்பாங்களா?" என்றார் அம்மா.

நானா துண்டுக் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். என்னை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாரா என்று இன்றைக்கும் தெரியாது.

அப்பா கோபத்தில் சத்தம் போடுகிறவர் அல்ல. ஆற அமர, விவரமாகச் சொல்லுகிறவர். நானா பிலிமைத் திறந்து கெடுத்ததைத் தான் வேலை செய்த துறைமுகக் கந்தோரில் சொன்னார், பூசை முடிந்து கோயில் வாசலில் சொன்னார், பஸ்ஸில் பக்கத்துச் சீட்காரரிடமும் சொன்னார். பிள்ளையை இழந்தவர் சொல்வதை நம்பாமல் இருக்க யாருக்கு மனம் வரும்? அந்த வருடம் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற போட்டோ ஒன்றுகூட எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போகவில்லை. நானாவிடமிருந்து இன்னொரு அட்டை வந்தது. அப்பா வாசிக்காமல் கிழித்தார். அடுத்த வருடம் கடை மூடிக்கிடந்தது. ஆள் இரத்மலானைப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். இனி என்னைக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. என்னால் அழிந்தது ஒரு சுருள் பிலிம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பதினெட்டு வருடத்துப் பெயரும் அதோடு போனது என்பது அந்த வயதில் புரியவில்லை.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். "ஆர் செய்தது?" என்று வாத்தியார் கேட்டாலே, செய்யாததற்கும் எழுந்து நிற்பேன். செய்த அந்த ஒன்றுக்கு மட்டும் இதுவரை எழுந்து நின்றதில்லை. அப்பா உண்மை தெரியாமலே போய்விட்டார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வெள்ளவத்தையில் பஸ் நிற்கும்போது, இப்போது போன் விற்கும் அந்தக் கடையைக் காட்டி, "என்ட பிள்ளையை அழிச்சவன்" என்பார். நான் கடல் பக்கம் பார்ப்பேன். சொல்லிவிட்டால் இந்த வயதில் அவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம். சொல்லாமலே அவர் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயம்.

கழுவுகூலியில் பாதியை அப்பா முன்பணமாகக் கட்டியிருந்தார். மிச்சத்தை நானா கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. முப்பத்தேழு ரூபாய் ஐம்பது சதம்.