வாசலில் எழுதிய ஜெர்மன்

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போக, பேத்தி ஜெர்மன் மொழி எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறாள். "இஷ் ஹைஸ..." என்று முணுமுணுத்தபடி கூடத்தில் நடக்கிறாள். அந்தச் சத்தம் இந்தத் தொண்ணூறு வயதில் என்னை உட்காரவிடவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் அத்தையும் இப்படித்தான் நிலைகொள்ளாமல் நடப்பாள். ஜெர்மன் சிஸ்டர்களின் கன்னியர் மடத்தில் சேர, அவர்கள் மொழியில் தன்னைப் பற்றி நாலு வரி எழுதிக் காட்ட வேண்டும். வீட்டில் காகிதம் ஏது? விடிகாலையில் சாணம் தெளித்த வாசலில் கோலமாவால் எழுதிப் பழகினாள். முதல் வரி, 'என் பெயர் ஆரோக்கியம்' என்பது: 'இஷ் ஹைஸ ஆரோக்கியம்.' ஈரச் சாண வாசனைக்கு நடுவே அந்த வெள்ளை எழுத்துகளை மிதிக்காமல் தெருவே சுற்றிப் போகும்.

ஒருநாள் அப்பா தேனிச் சந்தையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"ஏத்தா, அழிச்சிரு. வெள்ளக்காரனும் ஜெர்மன்காரனும் சண்டையில எறங்கிட்டாகளாம். போலீசு பாத்தா வம்பு."

"பரீச்சை அடுத்த வாரம்ண்ணே."

"இனி ஏது பரீச்சை?"

குடத்துத் தண்ணீரை அப்பாவே ஊற்றினார். அதற்குப் பிறகு அத்தை அந்த வாசலில் கோலம்கூடப் போடவில்லை.

"இஷ் ஹைஸ..." பேத்தி மறுபடி தொடங்கி, புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் தேடினாள்.

என் வாய் தானாக முடித்தது: "ஆரோக்கியம்."