ஈரத்துணி படாத பத்துத் தட்டுகள்

ஒரே நாளில், ஒரே சூளையில் வெந்த இருபத்துநான்கு தட்டுகளில் பதினான்கு மட்டும் ஏன் வேறு மாதிரி ஆயின? அப்போது என்னைக் கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. ஆதிலட்சுமி தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். அந்த நினைப்போடு நான்கு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், கோவிந்தசாமியின் பட்டறையில் அவளுக்குப் பெட்டி கட்டும் வேலை. ஃபியூஸ் கட்டையோ பொம்மையோ, சூளையிலிருந்து எது இறங்கினாலும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, பிறகு வைக்கோல், பிறகு பெட்டி. துடைக்காமல் கட்டுவது, ஒருவர் சாப்பிட்ட இலையிலேயே அடுத்தவருக்குப் பரிமாறுவது மாதிரி. பதினொரு வருடமாக அவள் கையைத் தாண்டி ஒரு பொருளும் தூசியோடு போனதில்லை.

லாரி ஓட்டிய கணவன் வேப்பூர்ப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு வராமலே போய்விட்டான். வாடகை அறையில் பேச ஆள் இல்லை. பட்டறையில் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அவள் போனால் பேச்சு நின்றுவிடும். சூளைக்காரர் காத்தவராயன் மட்டும், "இன்னா ஆதி, இன்னிக்கும் எலுமிச்ச சோறா? பேசாம அந்த மரத்தையே கட்டிக்க" என்பார். ஒரு நாளில் அவளுக்கென்று யாராவது பேசும் பேச்சு அவ்வளவுதான்.

சென்னை ஆராய்ச்சி மாணவி அன்பரசி, தங்கள் உலை பழுதானதால், விரல்நகம் அளவுள்ள தட்டுகளைச் சுட்டுத்தரும்படி அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒரு பூச்சு. காத்தவராயன் சின்ன மின்சூளையில் சுட்டு இறக்கினார். ஆதிலட்சுமி ஆறுவதற்கு முன்பே துடைக்க ஆரம்பித்தாள், துணி சுர்ரென்றது. பதினான்கு முடிந்தபோது கூரியர்காரன் வாசலில் ஹாரன் அடித்தான். மீதிப் பத்தையும் துடைக்காமலே வைத்து மூடிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அன்பரசியிடமிருந்து போன் வந்தது. பதினான்கு ஒரு மாதிரி, பத்து வேறு மாதிரி.

"சூளை ஒரு பக்கம் எரிஞ்சிருக்கும்" என்று கோவிந்தசாமி முடிவு கட்டினார். "யோவ் காத்தவராயா, கத பேசிக்கினே சூளைய பாத்தா இப்டித்தான். ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேற ஆளு வரான்."

"மீட்டர பாத்துதான் வச்சேன் மொதலாளி" என்றார் அவர். அதற்குமேல் அவர் யாரிடமும் பேசவில்லை.

சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் போவார். ஐந்தாம் நாள் காலை, கோவிந்தசாமி அன்பரசியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஆதிலட்சுமி எதிரே போய் நின்றாள்.

"சூளை மேல தப்பு இல்லிங்க. நான்தான் பத்து தட்ட தொடைக்காம வச்சிட்டேன்."

"வாயால கெட்டான்னு ஒருத்தன இப்பதான் சொன்னேன். கையால கெட நீ வந்துட்டியா?" என்றார் கோவிந்தசாமி. ஆனால் போன் சும்மா இருக்கவில்லை. "சார், அந்தக்காகிட்ட குடுங்க."

வாங்கிக் காதில் வைத்தாள்.

"அக்கா, அப்ப மத்த பதினாலையும் தொடச்சீங்களா?"

"நல்லா தொடச்சேன் மேடம். ஈரத்துணியில, சூடா இருக்கும்போதே. அதுல ஒரு கொறையும் இருக்காது."

மறுமுனையில் அன்பரசி தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்தப் பத்துதான் நான் நெனச்ச மாதிரி இருக்குது. பதினாலுதான் மாறிப்போச்சு."

பிறகு பொறுமையாக விளக்கினாள். அந்தப் பூச்சுக்குள் பிளஸ் முனையும் மைனஸ் முனையும் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. சூட்டில் அவற்றுக்கு நிலையான திசை கிடையாது. ஆறும்போதுதான் மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று ஒழுங்குக்கு வரும். மேற்பரப்பு காய்ந்திருந்தால் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க முடியாது. மின்னூட்டம் மேலே தேங்கி எதிர்க்கும். அதனால் மேலும் கீழுமாக வரிவரியாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஒட்டியிருந்தால் அது அந்த மின்னூட்டத்தைத் தணித்துவிடும். எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். பொம்மையில் இது ஒரு பொருட்டே இல்லை. இவ்வளவு மெல்லிய பூச்சில் மேற்பரப்பு வைத்ததுதான் சட்டம்.

"அப்ப தொடச்சதுதான் தப்பா?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

"தப்பு இல்லக்கா. எனக்கு இது புதுசா ஒரு வழி. இன்னும் தட்டு அனுப்பறேன். பாதிய தொடைங்க, பாதிய அப்டியே விடுங்க. எது எதுன்னு எழுதி வைங்க."

காத்தவராயன் வேலையில் நீடித்தார். ஆதிலட்சுமிக்கும் வேலை போகவில்லை. அன்பரசி சொன்னபடி கோவிந்தசாமி மூலையில் ஒரு கண்ணாடி அறை அடைத்துக் கொடுத்தார். காய்ந்த தட்டுகளின் மேல் மூச்சின் ஈரம்கூடப் படக்கூடாது. அதனால் உள்ளே முகமூடி, கையுறை, சாத்திய கதவு. பெட்டி கட்ட வேறு பெண் வந்துவிட்டாள். காத்தவராயன் சுட்ட தட்டுகளை ஒரு சின்னத் திறப்பு வழியாக உள்ளே தள்ளிவிட்டு, ஒரு பேச்சும் பேசாமல், அதை உடனே மூடிவிட வேண்டும். மூடுகிறார். காலையிலிருந்து மாலைவரை ஆதிலட்சுமி தேதியையும் சூட்டையும் ஈரத்தையும் நோட்டில் எழுதுகிறாள். எந்த ஒரு குரலுக்காக வேலை போனாலும் போகட்டும் என்று போய் நின்றாளோ, அந்தக் குரல் இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறு யாரையோ கிண்டல் செய்துகொண்டிருக்கிறது.

இதைப் படித்தவர்கள் தெரிந்தவர் ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது ஆதிலட்சுமி என்ற பெயரையும் விடாமல் சொல்லுங்கள். நாலு வாய் தாண்டி அது பேட்டைக்கே திரும்பி வந்து சேர்ந்தால், வேலை விட்டு அவள் வெளியே வரும் நேரத்தில் யாராவது ஒருவர் நின்று பேசக்கூடும்.